ஞாயிறுதோறும் இரண்டு டெசிபல்

நான் என் வாழ்நாளில் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டாக்டரம்மா. மீதிக் கடிதம் முழுக்கச் சத்தத்தைப் பற்றித்தான் இருக்கப்போகிறது.

பூனைக்குட்டி வந்ததிலிருந்து நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னீர்கள். தருகிறேன். காது பரிசோதனை நிலையத்தில் நீங்கள் இன்று உட்காரும் சுழல் நாற்காலியில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்தவன் நான். அதன் இடது சக்கரம் கிறீச்சிடும். எண்ணெய் விட்டால் மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

குட்டியைக் கொண்டுவந்தது என் மனைவி. மழையில் மீட்டர் பெட்டிக்கு அடியில் நனைந்து கிடந்ததாம். ஒரு கைப்பிடி வெள்ளைப் பஞ்சு, அதில் இரண்டு நீலக் கண்கள். சமையலறைத் தராசில் நானூறு கிராம். அதில் முந்நூற்றைம்பது கிராம் தொண்டை என்பது என் கணிப்பு. அது வாயைத் திறந்தால் தெருமுனையில் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. பக்கத்து வீட்டுத் தையல்காரர் பதற்றத்தில் ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டார். கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன். மூன்றாவது அரைக் கைதான்.

சங்கு என்று பெயர் வைத்தேன். ஆலைச் சங்காவது ஒரு நாளைக்கு மூன்று தடவை ஊதிவிட்டு ஓய்ந்துவிடும். இதற்கு ஷிப்டே கிடையாது. என் பழைய ஒலிமானியை எடுத்து ஒரு முழ தூரத்தில் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று டெசிபல் காட்டியது. இது மிகையில்லை, தொழிலில் நான் மிகைப்படுத்துவதில்லை.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மாலை நான்கு மணிக்கு நானும் மனைவியும் சீட்டாடுவோம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதுதான் வழக்கம். இப்போது என் கையில் மூன்று ராஜாக்கள் சேர்ந்த நேரமாகப் பார்த்து அது கத்தும். அவள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து ஓடுவாள்.

"வந்துட்டேன்டா கண்ணு, இதோ வந்துட்டேன்."

"வயிறு நிறைய குடிச்சிருக்கு. சும்மா கத்துது," என்றேன்.

"சும்மா யாராவது கத்துவாங்களா? ஏதோ சொல்ல வருதுங்க."

"என்ன சொல்ல வருது?"

"அந்த ஆளோட மூஞ்சியப் பாத்தா பயமா இருக்குன்னு சொல்லுது."

பால் பூத்தில் எலித் தொல்லை, அங்கே கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. "அது போற அன்னிக்கு நானும் பெட்டியக் கட்டிடுவேன். பரவாயில்லையா?" என்றாள்.

அதனால் குட்டியை நான் தொடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு அடி கிடையாது, ஒரு வேளை பால் குறைத்தது கிடையாது. நான் யோசித்தது அறிவியல் முறையில். கத்தினால் ஆள் வருகிறது, ஆள் வருவதால் மறுபடி கத்துகிறது. ஆள் வராவிட்டால் தானே அடங்கும். ஆள் வருவதற்குக் காரணம் ஆளுக்குக் கேட்பது.

என் மனைவி பதினோரு வருஷமாகக் காதுக் கருவி போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலை அதைச் சுத்தம் செய்வது என் வேலை. நான் கையை நீட்டுவேன். அவள் இரண்டு காதிலிருந்தும் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பாள். அழுக்கெடுத்து, வடிகட்டியை மாற்றி, அரைமணியில் திருப்பித் தருவேன். "உங்க கையில குடுத்துட்டா எனக்குக் கவலையே இல்ல," என்பாள். நிலையத்தில் பழசு என்று தூக்கிப்போட இருந்த பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. கருவியைக் கணினியோடு இணைத்து ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. உங்களிடம் இருப்பதன் அண்ணன்.

முதல் ஞாயிறு இரண்டு டெசிபல் குறைத்தேன். கீச்சு ஒலிகளில் மட்டும், பூனையின் குரல் இருக்கும் இடத்தில். இரண்டு டெசிபல் என்பது ஒன்றுமே இல்லை, உங்களுக்கே தெரியும். அடுத்த ஞாயிறு இன்னொரு இரண்டு. அதுவும் ஒன்றுமே இல்லை. என் குரல் கட்டைக் குரல். அது இருக்கும் பக்கம் நான் போகவே இல்லை.

ஐந்தாவது வாரம் மூன்று ராஜாக்களை முழுதாக இறக்கிவிட்டு ஜெயித்தேன். குட்டி உள்ளே உயிர்போகக் கத்திக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

ஆனால் அது அடங்கவில்லை. முன்னைவிட மோசமானது. ஏழாவது ஞாயிறு கழித்து, தடுப்பூசி போடுகிற சாக்கில் அதைத் துணிப்பையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். மருத்துவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டை வேண்டுமென்றே கீழே போட்டார். நான் துள்ளி விழுந்தேன். குட்டி தன் காலை நக்கிக்கொண்டிருந்தது.

"பிறவிச் செவிடு சார். வெள்ளை ரோமம், நீலக் கண்ணு, சிலது இப்படிப் பொறக்கும். தான் கத்துறது தனக்கே கேக்காது. அதான் இந்தச் சத்தம்," என்றார். "நீங்க என்ன வேலையில இருந்தீங்க?"

அஞ்சல் துறை என்றேன்.

முப்பத்து நான்கு வருஷத்தில் ஆயிரக்கணக்கான காதுகளைச் சோதித்தவன், வீட்டிலிருந்த அந்தக் காதுகளைச் சோதிக்கவில்லை. எவ்வளவு சத்தமாகக் கத்துகிறது என்று மட்டும் அளந்தேன். சிரிப்பதானால் சிரியுங்கள், நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் வழக்கம்போல் கருவியை என் கையில் வைத்தாள். இரண்டு டெசிபல் குறைத்தேன்.

இதற்குள் அவள், நம்மிடம் வருகிறவர்கள் செய்வதையெல்லாம் செய்யத் தொடங்கியிருந்தாள். புரியாததற்குச் சிரிப்பாள். பொதுவாகத் தலையாட்டுவாள். குரலும் ஏறிவிட்டது. "வயசாயிடுச்சுங்க. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் போச்சு," என்றாள் ஒரு நாள். இருக்கலாம் என்றேன். பொய் சொல்லவில்லை, இருக்கலாம் என்றுதான் சொன்னேன்.

அவளுக்கு ஒரு தங்கை. தினமும் மாலையில் போன் செய்வாள். நூல் மாதிரி மெல்லிய குரல். ஒன்பதாவது வாரம் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் சீட்டாடிக்கொண்டிருந்தோம்.

"அக்கா, வியாழக்கிழமை ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. ரொம்ப பயமா இருக்குக்கா. நீ வந்து பக்கத்துல இருப்பியா?"

என் மனைவி சிரித்துக்கொண்டே, "அதுக்கென்னடி, மெதுவாப் பாத்துக்கலாம்," என்றாள்.

தங்கை "சரிக்கா," என்று வைத்துவிட்டாள்.

"என்னங்க சொன்னா?"

"சௌக்கியமாம்."

இந்தக் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்கிற பொய் அது ஒன்றுதான். பிறகு சீட்டைக் கலைத்தேன். என் முறை.

தங்கை அதோடு போன் செய்வதை நிறுத்திவிட்டாள். "என்ன கோவம்னு தெரியலியே," என்று என் மனைவி நாலு மணிக்குப் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். பதினோராவது ஞாயிறு தாண்டி ஒரு நாள் தங்கையின் கணவர் கூப்பிட்டார். அவருக்கும் என்னைப் போலவே கட்டைக் குரல். இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நம் தொழிலில் இதற்குப் பெயர் கவனக்குறைவு.

"நல்லபடியா முடிஞ்சுதுங்க, வீட்டுக்கு வந்துட்டா. ஆனா உள்ள போற வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தா. பக்கத்துல இருன்னு அவ்வளவு கெஞ்சினாளே, மெதுவாப் பாத்துக்கலாம்னு சிரிச்சீங்களாமே," என்றார். ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டது.

போனை வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு தனியாக உங்களிடம் வந்தாள். மீதி உங்களுக்குத் தெரியும். காது இரண்டு வருஷத்துக்கு முன் சோதித்தபோது இருந்தபடியே இருந்தது. கருவி தனக்குச் செய்ததையெல்லாம் தேதியோடு நினைவில் வைத்திருந்தது. பதினோரு தேதிகள், எல்லாம் ஞாயிறு. ஒலியைப் பழையபடி ஏற்றித் தருவதற்கு முன் நீங்கள் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினீர்களாம். அதைத் தவிர்த்திருக்கலாம்.

திரும்பி வந்தவளைக் குட்டி வாசலிலேயே கத்தி வரவேற்றது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். "அடப்பாவி, இவ்வளவு சத்தமாவாடா கத்துவே நீ?" என்று அதைத் தூக்கிக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏன்?" என்றாள்.

பூனைச் சத்தம் என்றேன். அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து, மாட்டாஸ்பத்திரியில் கொடுத்த தடுப்பூசி அட்டையை எடுத்தாள். அதில் 'செவிடு' என்று மருத்துவர் எழுதி, தேதியும் போட்டிருந்தார். அதையும், பதினோரு தேதிகளையும் அச்சடித்து நீங்கள் கொடுத்த தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விரல்விட்டு எண்ணினாள்.

"இதுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்ச பிறகு நாலு ஞாயிறு. அந்த நாலும் யாருக்காக?"

அப்போது பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். கேட்காதவர்கள் பேசுகிறவரின் வாயைப் பார்ப்பார்கள். அந்த நாலு வாரமும் நான் வாயைத் திறந்தால் அவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பால்காரர் சொன்னதை நான்தான் சொல்ல வேண்டும், டிவி சொன்னதை நான்தான் சொல்ல வேண்டும். நாற்பது வருஷத்தில் அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் பெட்டியோடு தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை. "தையல் ஆறாத வீட்டுல பூனை கூடாது. இது இங்கயே இருக்கட்டும். கூப்பிட்டா அதுக்குக் கேக்காது, நேரா முன்னாடி போய் நில்லுங்க," என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை, பழக்கதோஷம், கையை நீட்டிக்கொண்டு கூடத்தில் நின்றேன். குட்டி வந்து உள்ளங்கையை மோந்து பார்த்துவிட்டுக் கத்தியது.

வருத்தப்படுகிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பதினோரு தடவையும் செய்தது நான்தான், தெரிந்தேதான் செய்தேன். ஒலியைக் குறைக்கிற அந்தப் பெட்டியையும் தர மாட்டேன், வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாம் நன்றாகவே நடக்கிறது. குட்டி ஒரு அறையில், நான் ஒரு அறையில். அமைதியான ஏற்பாடு.

இன்று மாலை தையல்காரர்தான் மதில் மேல் தலையை நீட்டினார்.

"தப்பா நெனக்காதீங்க சார். உங்க வீட்டுல ஒரு பூனைதானே இருந்துச்சு? நாலு நாளா ரெண்டு குரல் கேக்குது. இன்னொண்ணும் வாங்கிட்டீங்களா?"

ஒன்றுதான் என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் ஏன் காதைப் பொத்திக்கொண்டார் என்று தெரியவில்லை.