கேட்டதும் திரை வரைந்த கரிச்சான்

அவைக்கு அழகும் அன்புக்கு அடையாளமுமாய் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர், நம் குருதிக் கொடையாளர் வட்டத்தின் குன்றா விளக்கு, உமாராணி அம்மையார் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மேன்மைமிகு பெரியோர்களே! மண்ணைக் குடைந்து மின்னலை எடுத்து, மாநிலத்துக்கு வெளிச்சம் தந்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது முகமெல்லாம் கரியோடு வரும் என் மாசற்ற தோழர்களே! அந்தச் சட்டையைத் துவைத்துத் துவைத்தே கை தேய்ந்த என் தாய்மார்களே! மந்தாரக்குப்பத்திலிருந்து கடையை மூடிவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! காடாம்புலியூரிலிருந்து வரும்போதே பலாப்பழ வாசனையையும் கூட்டி வந்திருக்கும் உழவர் குலத்தவரே! நைட் ஷிப்டுக்குப் போகும் வழியில் 'சித்த நேரம் கேட்போம்' என்று கடைசியில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் நண்பர்களே! உங்கள் அத்தனை பேருக்கும், நிலக்கரிச் சுரங்கத்தின் கன்வேயர் கட்டுப்பாட்டு அறையில் காலமெல்லாம் கண் விழித்து ஓய்வுபெற்ற இந்த மருதாசலத்தின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

என்ன, அங்கே யாரோ வாட்சைப் பார்க்கிறார்? மருதாசலம் மைக்கைப் பிடித்தால் கடைசி பஸ்ஸும் போய்விடும் என்றுதானே? கவலை வேண்டாம். இன்று நான் பேசப்போவது என் மகள் அகிலாவைப் பற்றி. அதோ மூன்றாவது வரிசையில், மடியில் குழந்தையோடு இருக்கிறாள். அவள் அங்கே இருக்கிறாள் என்பதுதான் என் பேச்சின் முதல் வரி. அவள் அங்கே இல்லாமல் போயிருக்கலாம் என்பதுதான் என் பேச்சின் இரண்டாம் வரி.

அகிலாவுக்குப் பேறுகாலம் நெருங்கியபோது ஒரு நாள் விடியுமுன் மருத்துவர் அழைத்துச் சொன்னார்: "நாளைக்கு ஆபரேஷன். ரத்தப்போக்கு அதிகம் இருக்கலாம். ஓ நெகட்டிவ் இன்னும் ரெண்டு யூனிட் கைவசம் இருந்தாத்தான் எனக்கு தைரியம்." ஓ நெகட்டிவ்! அரிதிலும் அரிது! கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர அது கடைத்தெரு வெற்றிலையா? தலைவர் அம்மையார் உடனே வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார்: "அவசரம்! ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை!" விடியற்காலையில் போட்டார்.

அப்புறம் நடந்ததுதான் நம் ஊர் கூத்து! வேறு எந்த ஊரிலாவது இது நடக்குமா? நைட் ஷிப்ட் முடிந்து வெளியே வந்த கூட்டம் போனைப் பார்த்தது. வீட்டுக்குப் போனதா? இல்லை! குளித்ததா? இல்லை! ஒரு வாய் டீயாவது குடித்ததா? அதுவும் இல்லை! சைக்கிளும் பைக்குமாய், தலைக்கவசத்தோடு, பூட்ஸோடு, கரியோடு ரத்த வங்கியின் வாசலில் திருவிழாக் கூட்டமாய் வந்து நின்றது. என்ன வகை ரத்தம் என்று பாதிப் பேர் படிக்கவே இல்லை. அன்பு அவசரப்பட்டால் அப்படித்தான்.

செவிலியர் அம்மா வெளியே வந்து பார்த்தார். "தூங்குனீங்களா?" "இல்லீங்க." "சாப்பிட்டீங்களா?" "இல்லீங்க." "அப்ப ஒருத்தர்கிட்டயும் எடுக்க முடியாது. போய்த் தூங்குங்க!" கூட்டத்தில் ஓ நெகட்டிவ் உள்ள ராஜாங்கமும் இருந்தார். "சிஸ்டர், ராத்திரி பூரா கரி வெட்டுனவன் நானு. கொஞ்சம் ரத்தம் குடுத்தா வுழுந்துடுவனா?" என்று கெஞ்சினார். அந்த அம்மா அசையவில்லை.

சரி, நன்றாகத் தூங்கி எழுந்த ஓ நெகட்டிவ்காரர்கள் எங்கே போனார்கள்? அவர்களும் செய்தியைப் படித்தார்கள். கீழே "நான் போறேன்", "நானும் போறேன்" என்று குவிந்த பதில்களையும் படித்தார்கள். அதான் இத்தனை பேர் போகிறார்களே என்று நிம்மதியாக இட்லிக்குச் சட்னி அரைத்தார்கள். வர முடியாதவர்கள் எல்லாம் வந்தார்கள், வரக்கூடியவர்கள் எல்லாம் வீட்டில் இருந்தார்கள்!

என் நிலை என்ன தெரியுமா? பெற்ற மகளுக்கு என் ரத்தம் பொருந்தாது. வயதும் தாண்டிவிட்டது. வாசலில் நின்று அழுதேன், ஐயா. கட்டுப்பாட்டு அறையில் எத்தனை பட்டன் அழுத்திய கை இது! அன்றைக்கு அழுத்த ஒரு பட்டன் இல்லாமல் நின்றது.

அப்போதுதான் வந்தாள் வெண்மதி! நம் நகரியத்தில் பிறந்து வளர்ந்த பெண், நம் வட்டத்துக்குக் கணினி வேலை செய்து தருபவள். அவளும் அவளோடு கணினி வேலை செய்யும் விஷ்ணுவும் சேர்ந்து நம் செயலியில் வைத்திருக்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளன்தான் கரிச்சான். அதிகாலையில் எழுப்பும் குருவியின் பெயர். முதலில் அந்தக் குருவி என்ன செய்தது? ஒரு வரி கேட்டால் ஒரு பக்கம் எழுதியது. கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படித்து முடிப்பதற்குள் கேட்டதே மறந்துவிடும். அதனால் எழுதுவதோடு நில்லாமல், நேரத்துக்குத் தேவையான திரையைத் தானே அமைத்துத் தரட்டும் என்று முடிவு செய்தார்கள்.

அதில்தான் இருவருக்கும் பெரிய வாக்குவாதம். விஷ்ணு சொன்னான்: "அதுவே புரோகிராம் எழுதிடும். அப்படியே எல்லார் போன்லயும் ஓட வுட்டுடலாம். எவ்ளோ ஈஸி!" வெண்மதி சொன்னாள்: "வூட்டுக்கு வர்ற விருந்தாளி பசிக்குதுன்னு சொல்லட்டும், தோசை வேணும்னு சொல்லட்டும். அவரே அடுப்பாங்கரையில பூந்து கேஸைத் திருகுனா வுடுவியா?" ஆகா! என்ன கேள்வி! தட்டுங்கள் கையை!

அவள் செய்த ஏற்பாடு இதுதான். பட்டன், நாள்காட்டி, வழி காட்டும் வரைபடம், ஆம் இல்லை என்று தொடும் கட்டம் எனச் சில துண்டுகளை அவளே செய்து, சோதித்து, நம் செயலிக்குள் வைத்துவிட்டாள். கரிச்சான் "இந்தத் துண்டை இங்கே வை, இந்தச் சொல்லை அதில் எழுது" என்று கேட்கலாம். அவ்வளவுதான். திரையைக் கட்டுவது நம் செயலி. இல்லாத துண்டைக் கேட்டால் கிடைக்காது. யோசனை அதனுடையது, சாவி நம்முடையது!

அன்று காலை வெண்மதி கரிச்சானிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். கண் மூடித் திறப்பதற்குள் ஓ நெகட்டிவ் உள்ளவர்களின் போனில் மட்டும் ஒரு திரை மலர்ந்தது. எந்த ஷிப்ட்? தூங்கியாயிற்றா? சாப்பிட்டாயிற்றா? மேலே கொட்டை எழுத்தில்: "இன்னும் இரண்டு பேர் தேவை." பக்கம் பக்கமாய்ப் பேச்சா? இல்லை! தொட்டால் போதும்!

ரத்தம் தந்த இருவரும் தங்கள் பெயரைச் சொல்லலாம் என்று அனுமதி தந்ததால் சொல்கிறேன். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த செந்தாமரை அதைப் பார்த்தார். "அத்தினி பேரு போயிகினு இருக்காங்களே, நாம எதுக்குன்னு இருந்தன் சார். இதுல பாத்தா ரெண்டு பேரும் இன்னும் வரலன்னு இருக்குது. கூடைய அப்படியே போட்டுட்டு பஸ் ஏறிட்டன்" என்றார். ராஜாங்கத்தின் திரையோ, "தூங்கி, சாப்பிட்டு, மாலையில் வாருங்கள்" என்றது. அவர் தூங்கினாரா? புரண்டார். அவர் வீட்டம்மா வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, "ஊருக்காகத் தூங்குறன்னு சொன்ன மொத ஆளு நீதான். தூங்கித் தொலை!" என்றாராம். சிரிக்காதீர்கள் ராஜாங்கம், உங்கள் குறட்டை பிளாக் முழுக்கக் கேட்டதாம்!

நடுவில் வந்தான் ஒரு நாசகாரன். எங்கிருந்தோ ஒரு செய்தி, கரிச்சானும் படிக்கும் நம் குழுவுக்குள் விழுந்தது. வெளியே பார்த்தால் அனுதாபம். உள்ளே கரிச்சானுக்குக் கட்டளை: "கொடையாளர் எல்லாரிடமும் வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கு!" கரிச்சான் பாவம், வெள்ளந்தி. நம்பிவிட்டது. கடவுச்சொல் வாங்கும் பெட்டி ஒன்று கேட்டது. நம் செயலி என்ன சொன்னது? "இந்தத் துண்டு இங்கே இல்லை!" அவ்வளவுதான். ஒரு பெட்டியும் வரவில்லை, மற்ற திரை எல்லாம் வழக்கம்போல நடந்தது. விஷ்ணு தலையில் கை வைத்துக்கொண்டான்: "நான் சொன்ன மாதிரி வுட்டிருந்தா ஊரே காலியாயிருக்கும், வெண்மதி!" குருவி ஏமாறலாம், கூடு ஏமாறவில்லை! அறிவு மயங்கலாம், அமைப்பு மயங்கவில்லை!

என்ன அம்மா கேட்கிறீர்கள்? 'அழுதுகினு நின்ன அப்பா என்ன ஆனாரு?' என்றா? நல்ல கேள்வி! பிற்பாடு என் போனிலும் வேறொரு திரை வந்தது. ஒரே ஒரு கேள்வி: "உங்களிடம் வண்டி இருக்கிறதா?" இருக்கிறது என்று அழுத்தினேன். "செந்தாமரை பஸ் நிலையத்தில் இறங்குகிறார், அழைத்து வாருங்கள்" என்று வழியோடு வந்தது. என் பழைய மொபெட் அன்று பறந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! கையற்று நின்ற தகப்பனுக்கு ஒரு வேலை கொடுத்ததே, அதற்கு என்ன கைம்மாறு செய்வேன்?

மாலைக்குள் ரத்தம் சேர்ந்தது. மறுநாள் பேத்தி பிறந்தாள். மகள் கண் விழித்தாள். நான் மறுபடி அழுதேன், இந்த முறை எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தபடி.

ஆனால் கேளுங்கள். நல்ல செய்தியை ரத்தம் தந்தவர்களுக்குச் சொல்லக் கரிச்சான் ஆசைப்பட்டது. ஏதோ மகிழ்ச்சித் துண்டு ஒன்று கேட்டது. அப்படி ஒன்று நம்மிடம் இல்லை. கள்ளனுக்கு மூடிய கதவு கொண்டாட்டத்துக்கும் மூடித்தான் இருந்தது. துயரத்துக்கு எல்லாத் துண்டும் செய்தோம், சந்தோஷத்துக்கு ஒன்று செய்ய மறந்துவிட்டோம், பாருங்கள்! அதற்காகக் கதவைப் பிடுங்கிப் போட முடியுமா? கூடாது. மனிதர் கூடி, பார்த்து, சோதித்து, ஒவ்வொன்றாய்ச் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் இந்த விழா!

வெண்மதி புதிதாய் ஒரு பட்டன் செய்திருக்கிறாள். பிழைத்தவர்கள் விரும்பினால் மட்டும் அழுத்துவது. யார் பெயரும் அதில் போகாது. தந்தவர்களின் போனுக்கு ஒரே சொல் போகும். சேர்க்கலாமா? கையைத் தூக்குங்கள்! தலைவர் அம்மையாரே, பார்த்தீர்களா, சைக்கிளைப் பிடித்திருந்தவர்கள்கூட சைக்கிளை விட்டுவிட்டுக் கை தூக்குகிறார்கள்! வெண்மதி, சேர்த்துவிடம்மா.

அகிலா, எழுந்து நில் கண்ணு. போனைப் பாப்பா கையில் கொடுக்காதே, வாயில் வைத்துவிடுவாள்! நீயே அழுத்து.

கேட்கிறதா? அதோ செந்தாமரையின் மடியில் மணி அடிக்கிறது! அதோ ராஜாங்கத்தின் சட்டைப் பையில்! படியுங்கள் அம்மா, இந்த மைக்கில் வந்து உரக்கப் படியுங்கள். என்ன போட்டிருக்கிறது?

"'பொழைச்சிட்டோம்'னு போட்டுக்குது சார்."

பிழைத்துவிட்டோம்! இதற்கு மேல் எனக்குப் பேச்சில்லை. கொடுத்த கைகளுக்கும், கொடுக்கக் காத்திருக்கும் கைகளுக்கும், உதவும் அறிவுக்கும், காவல் நிற்கும் அமைப்புக்கும் என் நன்றி! வாழ்க நீங்கள், வளர்க நம் வட்டம், வணக்கம்!