கதவில்லாத இஞ்ஞாசி வாசல்

கலங்கரை விளக்கம் கட்டாத காலம். கரையில் தீ மூட்டி வள்ளங்களைக் கூப்பிட்ட காலம். அப்போது வெள்ளிமுனை என்று ஒரு கடற்கரை ஊர் இருந்ததாம். அந்த ஊரில் இஞ்ஞாசி என்று ஒருத்தி இருந்தாளாம். எங்கள் அம்மா வழியில் மூத்தவள். அவள் புருஷன் ரபாயேல் சங்கு குளிக்கப் போனவர், திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை.

ஊரில் இருந்தது ஓலை வேய்ந்த வேதக் கோயில். வாசல் கடலைப் பார்த்து இருந்தது. கடலோடு போய்த் திரும்பாதவர்கள் அந்த வழியாகத்தான் பூசைக்கு வருவார்கள் என்பது ஊர் நம்பிக்கை.

அதை இடித்துவிட்டுக் கல் கோயில் எழுப்பினார்கள். சிப்பியைச் சுட்டு, கருப்பட்டித் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைத்தார்கள். இஞ்ஞாசி கூலிக்குச் சாந்து சுமந்தாளாம். புதிதாக வந்த பங்குச்சாமியார், தேர் வரும் தெருப்பக்கம் வாசலை வைக்கச் சொன்னார். கடல் பக்கம் பீடம். அதன் பின்னால் முழுச் சுவர்.

காலையில் பூசினால் சாயங்காலம் அந்தச் சுவர் நனைந்திருக்குமாம். நனைந்த இடம் கை மாதிரி இருக்குமாம். ஒரு கை இல்லை, பல கைகள். தடவித் தடவிப் பார்த்த கைகள்.

"கடல் மண்ணைக் கலந்துட்டீகளாடே?" என்று கத்தினார் கொத்தனார் சித்திரவேல்.

"ஆத்து மணல்தான் மேஸ்திரி. நீருதான சலிச்சீரு!" என்றான் சாந்து குழைத்தவன்.

சுரண்டிவிட்டு மறுபடி பூசினார்கள். மறுபடி ஈரம். மறுபடி கைகள்.

இஞ்ஞாசி சாந்துச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கிட்டே போனாளாம். ஒரு கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. ரபாயேலுக்குச் சுறா கடித்த விரல்.

அவள் அழவில்லையாம். கல் சுமந்து வர அந்தச் சுவரில் ஓர் ஆள் அகலத்துக்கு வழி விட்டிருந்தார்கள். அன்றைக்கு அதை அடைக்க வேண்டும். இஞ்ஞாசி போய் அதில் நின்றுகொண்டாள்.

"தள்ளும்மா," என்றார் சாமியார்.

"இதை அடைச்சா அவுக எந்த வழியா வருவாக சாமி?"

"செத்தவங்களுக்குச் சுவர் ஒரு தடையா? இது ஈரக் காத்தும்மா."

"தடை இல்லன்னா ஏன் தடவிப் பாக்காக?"

சாமியார் பீடத்தைத் திரும்பிப் பார்த்தாராம். பிறகு, "பீடத்துப் பக்கம் வாசல் வச்சா காத்துல மெழுகுதிரி நிக்காதே," என்றாராம்.

"அணையட்டும். இருட்டுல கெடக்கவுகளுக்கு இருட்டு பழக்கந்தான்."

சாமியார் சுவரில் இருந்த ஒரு கையின்மேல் தன் கையை வைத்தாராம். வெடுக்கென்று எடுத்தாராம். முழங்கை வரை தண்ணீர் வழிந்ததாம்.

"வழியை விட்டுடுங்க," என்று மட்டும் சொன்னாராம்.

முதல் பூசையில் மெழுகுதிரிகள் அணைந்தன. காற்றே இல்லை என்றுதான் சொல்கிறார்கள். அந்த வழியிலிருந்து ஓர் ஈரத் தடம், இஞ்ஞாசி முழந்தாள் போட்டிருந்த இடம் வரை வந்ததாம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாளாம்.

அதன்பிறகு சுவர் காய்ந்துவிட்டது. அந்த வழிக்கு இஞ்ஞாசி வாசல் என்று பேராகிவிட்டது. இன்றைக்கும் அதற்கு நிலை உண்டு, கதவு கிடையாது. உயிரோடு இருக்கிற யாரும் அந்த வழியாக நடப்பதில்லை. வெள்ளையடிக்க வருகிற வெளியூர்க்காரர்கள், "இதுக்கு ஒரு கதவு போட்டா என்ன?" என்று கேட்பார்கள்.

"போடலாம்," என்பார்கள் ஊர்க்காரர்கள். "அவுக வந்து தட்டினா, நீரு போய்த் தொறப்பீரா?"