கெட்டத மட்டும் படி

பேசாதண்ணா. பேசாதன்றேன்ல. டாக்டரு இன்னா சொன்னாரு? கிசுகிசுன்னுகூட பேசக்கூடாதுன்னாரா இல்லியா? தையல் பிரிச்சு முழுசா அஞ்சு நாளு ஆவல, அதுக்குள்ள வாயத் தொறக்கற. இந்தா சிலேட்டு. இதுக்குத்தான பாரிஸ் கார்னர் வரைக்கும் பஸ்ஸுல போய் வாங்கினு வந்தேன். இன்னா வோணுமோ எழுது, கீழ இந்தப் பட்டன அமுக்குனா அத்தினியும் காணாப்பூடும். சோக்கா கீது பாரு. சின்னப் புள்ளைல நாம எச்சி தொட்டு அழிப்போம்.

அம்மாவா? சர்ச்சுல நொவேனா செபத்துக்குப் போய்க்கீது. இன்னிக்கு உன் பேருக்குப் பூசை குடுத்துக்கீதாம், வர்றதுக்கு ஏழு மணி ஆவும். நீயும் நானுந்தான். குந்து. கஞ்சி ஆறட்டும், நான் ஊட்டறேன். ஸ்பூன நீ புடிக்காத, சிலேட்டப் புடி.

இன்னா அது... நேயருங்களாண்ட சொல்லிட்டியாவா? நாலாவது வாட்டி கேக்கற இத்த. ஒரு மாசத்துல திரும்பி வந்துர்றேன்னு போடச் சொன்ன, போட்றேன்னேன். போடலாம் இரு. உன் ‘எதிர்காத்து’ ப்ரோக்ராம கேக்கறவங்க எங்கியும் ஓடிப் பூடல. தமிழ்ல சைக்கிளுக்குன்னு ஒரு பாட்காஸ்ட்டு வெச்சிக்கீற, அத்த வுட்டா அவங்களுக்கு வேற போக்கிடம் இன்னா கீது.

ஆஸ்பத்திரில அந்த நர்ஸம்மா, அதான் செங்கொடின்னு பேரு, உயரமா இருப்பாங்களே, அவங்க என்னாண்ட கேட்டாங்கண்ணா. உங்கண்ணன் இன்னா வேலை பாக்கறாரு, தொண்டை இப்டி ஆயிக்கீதேன்னு. கண்டெய்னர் யார்டுல நம்பர் பாத்துக் கத்தற வேலைன்னேன். எட்டு மணி நேரம் வண்டி சத்தத்துக்கு நடுவுல நின்னுக்கினு கத்துவாருன்னேன். அது சரி, அப்பால? அப்பால டெய்லி காலைல அஞ்சு மணிக்குக் கல்மண்டபத்துல கெளம்பி காத்திவாக்கம் வரைக்கும் சைக்கிள் மிதிச்சிக்கினே பேசுவாருன்னேன். யாராண்டன்னாங்க. யாரும் இல்ல, சட்டைல மைக்கு மாட்டிக்கினு தனியா பேசுவாரு, ஊருல கீறவங்க அப்பால கேப்பாங்கன்னேன். அந்தம்மா என்னையும் ஒரு மாதிரி பாத்துட்டு மருந்து டப்பாவ தள்ளிக்கினு போய்ட்டாங்க.

சிரிக்காத, புண்ணு இழுக்கும்.

ஆனா மெய்யாலுமே ஓவர்தாண்ணா. மொதல்ல வாரத்துக்கு ஒண்ணுன்னுதான ஆரம்பிச்ச. எவனோ பத்தலன்னான், ரெண்டு ஆச்சு. இன்னொருத்தன் திங்கக்கெழம ஆபீஸ் போறப்ப கேக்க ஒண்ணும் இல்லன்னான், மூணு ஆச்சு. யார்டுல நிப்பாட்டாம கத்திட்டு வூட்டுக்கு வந்து, சோத்தத் தட்டுல வெச்சிக்கினே எடிட் பண்ணுவ. அம்மா எத்தினி நாளு உன் தட்ட எடுத்துக் கழுவி வெச்சிக்கீது தெரியுமா, சோத்தோட.

இன்னா எழுதற? நேயருக்காகத்தானவா. ம். நேயருக்காகத்தான்.

உனக்கு ஞாபகம் கீதா, நீ எனக்குப் பாஸ்வேர்டு குடுத்த நாளு? ஞாயித்துக்கெழம. பூசை முடிச்சிட்டு வந்து மொட்டமாடில சைக்கிளத் தலைகீழா நிக்க வெச்சு செயினுக்கு எண்ணெ போட்டுக்கினு இருந்த. ஜெசி, மெசேஜெல்லாம் நீயே பாத்துக்கோ, எனக்கு நேரம் இல்லன்ன. பி.காம். படிச்சிட்டு சொம்மாதான குந்திக்கினு கீறன்னும் சொன்ன. அப்பால ஒரு சட்டம் போட்டியே. கெட்டத மட்டும் படி, நல்லதெல்லாம் என் காதுல போடாத, தலைக்கு ஏறிடும்னு. அன்னிலேருந்து ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அதான நம்ம வேலை. நீ எண்ணெ போடுவ, நான் படிப்பேன். ஒண்ணு வுடாம படிச்சேனா இல்லியா?

மூச்சு வாங்கற சத்தம் கேக்கல, ஏசி ரூம்ல குந்திக்கினு பேசற மாதிரி கீதுன்னு ஒருத்தன். நீ மைக்கத் தூக்கித் தொண்டைக்குழியாண்ட ஒட்டிக்கின. எர்ணாவூர் தாண்டுனா ட்ரெய்லர் சத்தத்துல ஒண்ணும் புரியலன்னு இன்னொருத்தன். சரி, அந்த ரோட்ட வுட்டுட்டு வேற ரோட்ல போவன்னு நெனச்சேன். நீ அதே ரோட்ல இன்னும் கத்திப் பேசுன. வெட்டி ஒட்டறது தெரியுது, ஒரே மூச்சுல பேசுன்னாங்க. நாப்பது நிமிசம், தண்ணி குடிக்காம, லாரிக்கு நடுவுல, அந்த நிலக்கரித் தூசில. திரும்பி வர்றப்ப உன் கர்ச்சீப்பு இன்னா கலர்ல இருக்கும்? நாந்தான தோய்ப்பேன்.

அப்பால நடுநடுவுல இருமறாரு, ஹெட்போன் போட்டுக் கேக்க எரிச்சலா கீதுன்னு ஒரு பொண்ணு. அத்தயும் படிச்சேன். அன்னிலேருந்து இருமலயே முழுங்க ஆரம்பிச்ச. கண்ணுல தண்ணி வந்துரும் உனக்கு, ஆனா மைக்குல ஒரு சத்தம் வராது. அத்த எப்டித்தான் கத்துக்கினியோ.

நான் இன்னா சொல்லணும்? படிக்காதன்னு நீ சொல்லல. படின்ன, படிச்சேன்.

இந்தா, ஆ காட்டு. மெதுவா முழுங்கு. உப்பு போதுமா? சரி சரி, தலைய ஆட்டாத.

நானும் மொதல்ல பேசிக்கினுதான இருந்தேன். அத்த மறந்துட்டியா? மறக்கலயா. அஞ்சு எபிசோடு. நீ முன்னாடி, நான் பின்னாடி அம்மாவோட லேடீஸ் சைக்கிள்ல. எனக்கு நாலு பேரு முன்னாடி பேச வராது, காலேஜ்ல செமினாருக்கு எழுந்து நின்னுட்டு அழுதுட்டு குந்துனவ நானு. ஆனா சைக்கிள்ல போறப்ப எதிர்ல யாரும் இல்ல பாரு, காத்துதான் கீது, அதனால வந்துச்சு. காசிமேட்டுல ஐஸ் உடைக்கிறவங்க, திருவொத்தியூர்ல ஷிஃப்ட்டு முடிச்சிட்டு ஹேண்டில்ல டிபன் பாக்ஸத் தொங்க வுட்டுக்கினு போறவங்க, அவங்களப் பத்தியெல்லாம் நாந்தான் சொல்வேன். நீ கியரப் பத்தி, டயரப் பத்தி. நல்லாத்தான போச்சு?

ஆறாவது எபிசோடு எடுக்கறப்ப ரெக்கார்டு ஓடிக்கினு இருக்கு, நீ போன எடுத்து ஒரு மெசேஜ் வந்துக்கீதுன்னு படிச்ச. உங்க தங்கச்சி குரலு பிரேக் கட்டை தேயற மாதிரி கீது, காது கூசுது, அத்த எறக்கி வுட்ருங்க பாஸ்னு. படிச்சிட்டு சிரிச்ச. நானும் சிரிச்சேன். மைக்கு ஓடிக்கினு கீதே, வேற இன்னா பண்றது. அப்பால காலடிப்பேட்டையாண்ட வண்டிய ஓரங்கட்டி, என் காலர்லேருந்து மைக்க நீயே கழட்டுன. நேயரு சொன்னா கேட்டுக்கணும் ஜெசி, அவங்களுக்காகத்தான பண்றோம்ன. கழட்டறப்ப உன் நகம் இங்க கீறிச்சு. அந்த சிரிப்ப நீ வெட்டக்கூட இல்லண்ணா, அப்டியே போட்ட. இன்னிக்கும் அதுல கீது.

அந்தோணியார் தெருவுல ஒரு மாசம் எல்லாப் பசங்களுக்கும் நான் பிரேக் கட்டை. பால் வாங்கப் போனா கடைல நிக்கற ஜீஷான் தம்பி கீச்சுன்னு ஒரு சத்தம் குடுப்பான். நான் பேசறதயே கொறச்சிக்கினேன். வூட்ல கூட. நீ கவனிச்சிருக்க மாட்ட, நீதான் எப்பவும் ஹெட்போன் மாட்டிக்கினு இருப்பியே.

அய்ய, இன்னாத்துக்கு இப்ப கையப் புடிக்கற? வுடு, கஞ்சி கொட்டும்.

சரி, ஒண்ணு சொல்லணும் உன்னாண்ட. கோச்சிக்காத. ஒரு மாசத்துல வர்றேன்னு நான் போடல. போட மாட்டேன். அதுக்குப் பதிலு மூணு எபிசோடு போட்டுக்கீறேன். நாந்தான். உன் மைக்கு, உன் சைக்கிளு, சீட்ட மட்டும் எறக்கிக்கினேன். நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப காலைல உனக்கு ஃபிளாஸ்க்கு எடுத்துக்கினு லேட்டா வந்தேன் பாரு, அதான். இன்னா மூஞ்சி இப்டிப் போவுது? காத்திவாக்கத்துல முகத்துவாரத்தாண்ட எறா புடிக்கிற பொம்பளைங்களாண்ட பேசுனேன். நல்லா கீதாம், நெறைய பேரு எழுதிக்கீறாங்க. படிக்கட்டுமா? அட ஆமால்ல, நல்லதெல்லாம் உன் காதுல போடக்கூடாது.

மெதுவா எழுது, கோழி கிறுக்குன மாதிரி கீது. எனக்குக் குரல் வந்ததும்... வந்ததும் இன்னா? நீயே பண்ணுவியா?

வராதுண்ணா.

இன்னிக்குக் காலைல செக்கப்புக்குப் போனப்ப டாக்டரு என்ன மட்டும் வெளிய கூப்ட்டாரு பாரு, அதுக்குத்தான். தொண்டைல ரெண்டு மடிப்பு கீதாம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தட்டுனாத்தான் குரலு. உனக்கு ஒண்ண முழுசா எடுத்துட்டாங்க. இனிமே காத்துதான் வருமாம். பக்கத்துல குந்திக்கினு காதக் குடுத்தா புரியுமாம். யார்டுல இல்ல, ரோட்ல இல்ல. அம்மாவுக்கு இன்னும் தெரியாது, பாவம், பூசை குடுக்கப் போய்க்கீது.

அழாத. அழுதா தொண்டை அடைக்கும்.

இன்னொண்ணும் சொன்னாரு. ஆறு மாசத்துக்கு முன்னாடி இட்டுக்கினு வந்திருந்தா கட்டிய ரேடியேஷன் கரண்டு வெச்சே கரைச்சிருப்பேன், கத்தியே பட்டிருக்காதுன்னாரு. வூட்ல யாருக்கும் சந்தேகம் வரலியாம்மான்னு கேட்டாரு. நான் மருந்துச் சீட்ட வாங்கிக்கினு வந்துட்டேன். எனக்குப் பெரியவங்களாண்ட பேச வராதுன்னுதான் உனக்குத் தெரியுமே.

மதுரைலேருந்து ஒருத்தரு உன்னோடத வுடாம கேப்பாரு. அய்யாத்துரைன்னு. காது மூக்கு தொண்டை டாக்டராம், அவரும் சைக்கிள் ஓட்றவருதான். கிறிஸ்துமஸ் முடிஞ்சு எழுதுனாரு. தம்பி, உன் குரலு மாறிக்கினே வருது, கரகரப்பு ரெண்டு வாரத்துக்கு மேல நின்னா உடனே பாத்துறணும், சொம்மா வுட்றாதன்னு. விபூதிப் புதன் வந்து தவக்காலம் ஆரம்பிச்ச மறுநாள் திரும்ப எழுதுனாரு. அப்பால போன் நம்பரு குடுத்தாரு. நாலாவது வாட்டி, நானே மெட்ராஸ் வர்றேன், காசு வேணாம், எங்க வரணும் சொல்லுன்னாரு.

இப்டிப் பாக்காத.

அவரு மட்டும் இல்ல. ரெஸ்ட் எடுங்கண்ணா, நாங்க காத்துக்கினு இருப்போம்னு எத்தினியோ பேரு. நீயே ஒரு நாளு கேட்டியே, ஈஸ்டர் கழிச்சு, படி ஏறி வந்து செவுத்தப் புடிச்சிக்கினு நின்ன. ஏய் ஜெசி, ஒருத்தனாவது லீவு எடுறான்னு சொல்றானான்னு. கெட்டதுல அப்டி ஒண்ணும் இல்லண்ணான்னேன். பொய் சொல்லல நானு. அந்த டாக்டரு எழுதுனது நல்லதா கெட்டதான்னு ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க நெனச்சிக்கினே இருந்தேன். அவ்ளோ பிரியமா தம்பி தம்பின்னு எழுதிக்கீறாரு. அத்த எப்டிக் கெட்டதுல சேக்கறது? நல்லதுல போட்டேன். நாலயும்.

ஏன்னு எழுதறியா? ஏன்னா?

பாஸ்வேர்டு குடுத்த அன்னிக்கு, நீ எண்ணெக் கையோட கீழ எறங்கிப் போனதும், மொத வேலையா அந்தப் பிரேக் கட்டைக்காரனத் தேடுனேண்ணா. திட்டறதுக்கு இல்ல. யாரு, எந்த ஊரு, நான் இன்னா பேசுனப்ப அவனுக்குக் காது கூசுச்சு, அது தெரிஞ்சா மாத்திக்கலாம்னுதான். ஆறாவது எபிசோடு வரைக்கும் நமக்கு வந்தது மொத்தமே பதினோரு மெசேஜு. ஒவ்வொண்ணா படிச்சேன். அழிச்சதெல்லாம் போய்ச் சேருமே ஒரு எடம், அதுலயும் பாத்தேன். அவன் இல்ல. அப்டி ஒருத்தன் எழுதவே இல்ல. ஆனா ரெண்டு பேரு தங்கச்சிய இன்னும் கொஞ்சம் பேச வுடுங்கன்னு எழுதிக்கீறாங்க. நீ அத்தப் பாத்துக்கீற. தொறந்து படிச்சதுன்னு அதுலயே காட்டுது.

எழுது, எழுது. அம்மா வர இன்னும் நேரம் கீது. எவ்ளோ வேகமா எழுதற பாரு, மூச்சுகூட வாங்குது.

இரு, திருப்பாத. அது நல்லதா, கெட்டதா?

நல்லதுன்னா வேணாம்ணா. தலைக்கு ஏறிடும். குடு இங்க. பட்டன் எங்க கீது... ம், பூடுச்சு.

வாயத் தொற. கஞ்சி ஆறிப் போச்சு.