ஹேஷ் குறி இல்லாத வரி

கோடு போட்ட தாள் கொடுத்ததற்கு நன்றி. வெற்றுத் தாளில் எழுதினால் என் வரிகள் வலப்பக்கம் போகப் போக மேலே ஏறிவிடும். படிக்கிறவருக்கு எரிச்சலாக இருக்கும். அவசரமில்லை, நிதானமாக எழுதுங்கள் என்றீர்கள். எனக்கும் அவசரமில்லை.

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். என் அப்பா அங்கேயே பதிவேட்டு அறையில் இருந்தார். நோயாளியின் பெயரைச் சொன்னால் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்வார். எனக்குக் கீழே இப்போது என் மகன். அலுவலகத்தில் அவன் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவான். அது நான் வைத்த சட்டம்.

போன வருடம் நிர்வாகம் பழைய பெரிய சர்வரைக் கழற்றிவிட்டு, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் மூன்று புதிய சர்வர்களைச் சேர்த்துக் கிளஸ்டர் அமைக்க முடிவு செய்தது. உங்களுக்குப் பழக்கமில்லாத வார்த்தையாக இருக்கலாம். மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, நோயாளியின் படுக்கையிலிருந்து நர்ஸ் மேசைத் திரைக்கு அளவுகளோடு வரும் அபாய மணி என்று ஒவ்வொரு வேலையையும் தனித்தனி டப்பாவில் அடைத்துவிடுவார்கள். அதுதான் கன்டெய்னர். எந்த டப்பா எந்த சர்வரில் உட்கார வேண்டும் என்று ஒரு மேற்பார்வை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஒரு சர்வர் படுத்துவிட்டால் அதிலிருந்ததை அடுத்ததில் தூக்கி வைக்கும். ஆனால் எதைச் செய்வதானாலும் மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து சம்மதிக்க வேண்டும். ஒன்று மட்டும் மிஞ்சினால் அது எதையும் முடிவு செய்யாது, சும்மா நிற்கும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

பொறுப்பை என் மகனிடம் கொடுத்தேன். நான் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. அடுத்து அந்த நாற்காலி அவனுக்குத்தான் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர்தான்: என் அக்காவின் கணவர். அவர்தான் அங்கே நிர்வாக அதிகாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"மச்சான், பையன் நல்ல பையன்தான். ஆனா இவ்வளவு பெரிய வேலை அந்தத் தலையில நிக்குமா, வழுக்கி விழுந்துருமா?"

என் மகனுக்கு முப்பது வயதிலேயே முடி கொட்டிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் எழுந்து போய்க் கை கழுவினேன்.

உதவிக்கு ஒப்பந்தத்தில் ஒரு பெண் வந்தாள். வார்டில் எல்லோரும் 'சுருட்டை' என்று கூப்பிட்டார்கள். முடியைப் பார்த்தால் காரணம் தெரியும். கெட்டிக்காரி. செய்ய வேண்டியவற்றை ஒரு பட்டியலாக அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே சர்வருக்கு ஒன்றாக மூன்று கட்டம் போட்டிருந்தாள். ஒன்பதாவது வரி, ஸ்வாப். நினைவகம் போதாதபோது லினக்ஸ் வட்டின் ஒரு பகுதியை நினைவகம் போலப் பயன்படுத்திக்கொள்ளும், அதுதான் ஸ்வாப். இந்த மேற்பார்வை மென்பொருளுக்கு அது ஆகாது. ஸ்வாப் இருந்தால் கிளம்பவே கிளம்பாது. அணைப்பதற்கு ஒரு கட்டளை போதும். ஆனால் சர்வரை ஒரு தடவை நிறுத்தி ஏற்றினால் ஸ்வாப் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். வராமலிருக்க, ஒரு கோப்பைத் திறந்து ஸ்வாப்பை எழுப்பும் வரியின் முன்னால் ஹேஷ் குறி (#) போட வேண்டும், அப்போது லினக்ஸ் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். ஒரே ஒரு குறி.

மகன் மூன்று சர்வரிலும் கட்டளையைக் கொடுத்தான். ஹேஷ் குறியை முதல் சர்வரில் மட்டும் போட்டான். அந்த நேரம் பார்த்து மருமகள் போனில் கூப்பிட்டாள், குழந்தைக்குக் காய்ச்சல். பேசிவிட்டு வந்தவன் மூன்று கட்டத்திலும் டிக் அடித்துவிட்டான். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன். சரிபார்க்கவில்லை. என் மகன் டிக் அடித்த இடத்தை நான் திறந்து பார்த்தால் சுருட்டை என்ன நினைப்பாள்?

பதினாறு நாள் கழித்து வேறு எதற்கோ அந்தக் கோப்பைத் திறந்தேன். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அந்த வரி முன்னால் எதுவும் இல்லாமல் நின்றது. போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டால் கோப்பில் அன்றைய தேதி ஏறிவிடும். என் கையெழுத்துக்குப் பிந்திய தேதி. யாராவது பார்த்தால் அப்பனும் மகனும் சேர்ந்து ஏமாற்றினார்கள் என்று ஆகும். மகனிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை அவன் மேசை வரை போனேன். அவன் அப்போதுதான் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்திருந்தான். சர்வர்கள் மூன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. திரும்பி வந்துவிட்டேன்.

சம்பவம் நடந்த நாள் உங்களுக்குத் தெரியும். காலை பத்து நாற்பதுக்கு மின் பணியாளர்கள் சர்வர்களின் யுபிஎஸ் பேட்டரி ஒன்றை மாற்றினார்கள். அறிவிப்புக் கொடுத்துத்தான் செய்தார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. அதில் ஓடிய இரண்டாவது, மூன்றாவது சர்வர்கள் நின்று மறுபடி ஏறின. லினக்ஸ் ஏறியது. மேற்பார்வை மென்பொருள் ஏறவில்லை. முதல் சர்வர் தனியாக நின்றது. அபாய மணியின் டப்பா மூன்றாவதில் இருந்தது. அதைத் தூக்கி வைக்கச் சம்மதம் சொல்ல ஆள் இல்லை.

சர்வர் அறை துணி வைக்கும் அறைக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று பேர் நின்றால் தோள் இடிக்கும். அன்று மூன்று பேர் நின்றோம். மகன் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான், பின்னால் நான், எனக்குப் பின்னால் அக்காவின் கணவர், கையைக் கட்டிக்கொண்டு. மகன் நெட்வொர்க்கில் கோளாறு என்று நினைத்து கேபிள்களைப் பிடுங்கிச் செருகினான். அவன் கழுத்தில் வியர்வை இறங்கிச் சட்டைக்குள் போவதைப் பார்த்தேன். எனக்குக் காரணம் தெரியும். குனிந்து அவன் காதில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த அறையில் காதில் சொல்வது எல்லோருக்கும் கேட்கும்.

இன்று வரை அந்த இடத்தில் நான் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

தலைமை நர்ஸ் போன் செய்தார். "சார், மேசைத் திரையில எல்லா அறையோட அளவும் அப்படியே நிக்குது. அசையவே இல்ல. அறை அறையாப் போகவா?" பதினொரு தனி அறைகள், தொற்று நோயாளிகள். ஒவ்வொரு அறைக்கும் புது அங்கி, புது முகமூடி. அவரோடு இன்னும் ஒரே ஒரு நர்ஸ். "அஞ்சு நிமிஷம் இருங்க, வந்துரும்" என்றேன். நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் அஞ்சு நிமிஷம் என்றேன். அறை அறையாகப் போனால் செய்தி மருத்துவமனை முழுக்கப் பரவும், யார் வேலை என்ற கேள்வி வரும்.

அப்புறம் சுருட்டை கூப்பிட்டாள். அன்று அவளுக்கு விடுமுறை. யாரோ செய்தி சொல்லியிருக்கிறார்கள். மகன் கை நீட்டுவதற்குள் போனை நான் எடுத்தேன்.

"சார், ரீபூட் ஆயிருந்தா ஸ்வாப்பா இருக்கும். அந்த ஒரு வரியப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சும்மா. அது இல்ல."

"அப்ப நான் கிளம்பி வரட்டுமா?"

"வேணாம். நீ ரெஸ்ட் எடு."

மகன் திரும்பி என்னைப் பார்த்தான். "அப்பா, என்ன சொல்றா?" என்றான். அலுவலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். ஒன்றுமில்லை, வேலையைப் பார் என்றேன்.

அக்காவின் கணவரை மேலிடத்தில் கூப்பிட்டார்கள். அவர் காலடிச் சத்தம் நின்றதும் மகனை வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு சர்வரிலும் ஸ்வாப்பை அணைத்தேன், குறியைப் போட்டேன். ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் எழுந்தது. அதற்குள் முப்பத்தெட்டு நிமிடம் போயிருந்தது.

நாலாம் அறைக்காரர் ஒரு தையல்காரர். நுரையீரலில் தொற்று, தேறி வந்தார். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாய் கழன்றிருக்கிறது. படுக்கைப் பக்கத்து மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. இரண்டு கதவு தாண்டிக் கேட்காது. மேசைத் திரையில் அவருடைய ஆக்ஸிஜன் அளவு அந்த முப்பத்தெட்டு நிமிடமும் தொண்ணூற்றாறு என்று நின்றது. நல்ல அளவு.

மறுநாள் பட்டியலை எடுத்து ஒன்பதாவது வரி இல்லாமல் மறுபடி அச்சடித்தேன். கையெழுத்துகளைப் போட்டேன்; என்னுடையதும், மகனுடையதும். சுருட்டையின் மூலக் கோப்பு எங்கள் சர்வரில்தான் இருந்தது, அதை அழித்தேன். ஸ்வாப்பை அவள் பட்டியலிலேயே சேர்க்கவில்லை என்று அறிக்கை எழுதினேன். நல்ல அறிக்கை, நீங்களே பாராட்டினீர்கள். விசாரணைக்கு வந்தவள் நடைபாதையில் என்னை நிறுத்தினாள்.

"சார், நான் போன்ல கேட்டேன்ல?"

"கேட்டியாம்மா?" என்றேன்.

அவள் திரும்பி விசாரணை அறைக்குள் போனாள். இன்றோடு அவள் உள்ளே இருப்பது பத்தொன்பது நாள். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

மகன் நாலு நாளுக்கு முன் என் அறைக்கு வந்தான். சர்வர் அறைக் கணினியின் கட்டளைத் திரையில் அன்று நான் தட்டியது எல்லாம் வரிசையாகப் பதிவாகியிருந்தது. உட்கார்ந்தவுடன் முதல் கட்டளையே ஸ்வாப்பை அணைப்பது. என்ன கோளாறு என்று எந்தப் பதிவையும் நான் திறந்து பார்த்திருக்கவில்லை. "பார்க்காமலே எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அவனே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்து, ஹேஷ் குறியை மறந்தது தான்தான், சுருட்டையை விட்டுவிடுங்கள், அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தான் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன்.

அவன் எழுதியதை அடித்துவிடுங்கள். அந்தத் தையல்காரரைத் தெரிந்தே சாக விட்டது நான். நர்ஸைத் தடுத்தது நான். பட்டியலைத் திருத்தி அந்தப் பெண்ணை உள்ளே தள்ளியது நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்திடுகிறேன், எத்தனை வருடம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள் ஐயா. அந்தக் குறியை மறந்ததும் நான்தான் என்று போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் வேலை தெரியாதவன் என்று யாரும் இருந்ததில்லை.