பார்க்காத இரண்டு சீட்டு

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

நான் தச்சன். அளக்காமல் ரம்பத்தைத் தொடாதவன். ஞாயிறு மதியம் என் பட்டறையில் நானும் மாப்பிள்ளையும், அதாவது என் தங்கை புருஷனும், போக்கர் ஆடுவோம். காசு கிடையாது, ஆணிதான் பந்தயம். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்து, நடுவில் ஐந்து திறந்து.

அவன் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஆடுகிறவன். எது வந்தாலும் ஆணியைக் குவித்து மிரட்டுவான். அப்படிப்பட்டவனிடம் இதுதான் இருக்கிறது என்று ஒன்றைப் பிடித்துத் தொங்கக் கூடாது. என்னென்ன இருக்கலாம் என்று எல்லாவற்றையும் எழுதி, அவன் பந்தயத்தை ஏற்ற ஏற்ற, பொருந்தாததை அடித்துக்கொண்டே வர வேண்டும். மூன்று வருடத்தில் நான்கு நோட்டு நிரப்பினேன். பாதி ஜெயித்தேன், பாதி தோற்றேன். தோற்றபோதெல்லாம் நோட்டைத் திருத்தினேன். அவனை என் தங்கையைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று ஆணி மொத்தத்தையும் தள்ளினான். என்னிடம் இரண்டு ஒன்பது, ஒரு ஜோடி. என் பட்டியலில் மிஞ்சியதில் பத்துக்கு ஏழு வெறும் மிரட்டல். சரி என்றேன். திருப்பினான்: நாலும் ஏழும். நடுவில் கிடந்த ஐந்து, ஆறு, எட்டோடு வரிசை கட்டி என் ஜோடியை அடித்துவிட்டது.

"இதை வச்சுக்கிட்டு எப்படி மாப்ள ஏத்துனீங்க?"

"திருப்புற வரைக்கும் நான் சீட்டைப் பார்க்கவே மாட்டேன் மச்சான். மூணு வருஷமா ஒரு நாளும் பார்த்ததில்ல. நீங்க யோசிக்கிற மூஞ்சியப் பார்க்கத்தான் வர்றேன். வீட்ல நடிச்சுக் காட்டுனா உங்க தங்கச்சி விழுந்து விழுந்து சிரிக்கும்."

நான் கோபப்படவில்லை. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டேன். தன் இரண்டையும் தொடாமலே ஆணியைத் தள்ளினான். உளி அடிக்கிற மரச் சுத்தி, கொட்டாப்புளி, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முதல் அடியில் தாடை கழன்றது. இரண்டாவதில் காதுக்கு மேல் எலும்பு உள்ளே இறங்கியது. விழுந்தவன் மேசையைப் பிடிக்க வந்தான். சீட்டு கலைந்துவிடும் என்று விரல்களையும் அடித்தேன், ஒவ்வொன்றாக. பிறகு முகம் அடையாளம் போகும்வரை. தங்கை வந்து அலறியபோது நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு சீட்டையும் உங்கள் ஆட்கள் உறையில் போட்டு எடுத்துப் போனார்கள். ரத்தத்தில் ஒட்டியிருக்கும், மெதுவாகப் பிரியுங்கள். என் கணக்குப்படி ராஜாவும் பத்தும். சரியாக இருந்தால், நான் கண் சிமிட்டிய நேரத்தில் பார்த்திருக்கிறான், பொய்யன். அதைத் தங்கையிடம் சொல்லுங்கள்.

தப்பாக இருந்தால் நோட்டை மட்டும் கொடுங்கள், ஐயா. திருத்திக்கொள்கிறேன்.