அசிசிக்குப் போறவள்

— முழுக் கோயிலும் எழும்பி நிண்டு கை தட்டினது அம்மா. சுவாமி என்னைக் கூப்பிட்டுப் பீடத்துக்கு முன்னுக்கு வேற விட்டவர்.

— தட்டட்டுமன். எங்கடை பங்கிலையிருந்து ஒரு பிள்ளை மடத்துக்குப் போறதெண்டால் சும்மாவோ. சீற் பெல்ற்றைப் போடு ஷெறோன்.

— போட்டிட்டன். நான் எப்ப உங்களுக்கு மடம் எண்டு சொன்னனான்?

— அசிசிக்குப் போறன் எண்டனி. புனித பிரான்சிஸ் அசிசியாற்றை ஊருக்கு, மூண்டு கிழமைக்கு, தனிய. அங்கை வேற என்ன கிடக்கு? உனக்குக் கறுப்புச் சப்பாத்து ஒண்டு வேண்டோணும். ஸ்ட்ரெதம் கடையடியிலை நிப்பாட்டட்டோ?

— எனக்குச் சப்பாத்து வேண்டாம்.

— சிஸ்டர்மார் உந்த மஞ்சள் சப்பாத்தோடை உள்ளுக்கு விடமாட்டினம் கண்டியோ.

— அருமைநாயகியன்ரி அழுதுகொண்டு வந்து என்ரை கையைக் கொஞ்சினவா. லைக், சீரியஸாக் கொஞ்சினவா. தன்ரை மகனுக்காகச் செபிக்கட்டாம். எனக்கு வெக்கத்திலை செத்திடலாம் போல இருந்தது.

— அவவின்ரை மோனுக்குச் செபம் தேவைதான்.

— பகிடி விடாதைங்கோ அம்மா.

— பகிடியே? விடியக்காலமை எழும்பி எங்கையோ ஓடுறாய். சோறு தொடுறேல்லை. தவக்காலம் முடிஞ்சும் ஒருசந்தி பிடிக்கிறாய். பொடியங்களின்ரை கதையும் இல்லை, கலியாண வீடுகளுக்கும் வாறேல்லை. ஒரு தாய் என்னத்தையெண்டு நினைப்பாள்?

— அது ஒருசந்தி இல்லை. எடை. அறுபது கிலோவுக்கு மேலை நான் போகேலாது.

— ஆர் சொன்னது?

— அம்மா, நான் இப்ப ஒண்டு சொல்லப்போறன். ரோட்டைப் பாத்துக் காரை ஓடுங்கோ.

— பாத்துத்தான் ஓடுறன். சொல்லு.

— அசிசியிலை கோயில் மட்டும் இல்லை. இத்தாலி பொக்சிங் ரீமின்ரை பயிற்சி முகாமும் அங்கைதான். அந்த நாட்டுக்காக அடிபடுற ஆக்கள் அங்கை நிண்டுதான் பழகிறவை. என்னை வரச்சொல்லியிருக்கினம். மூண்டு கிழமை வைச்சுப் பாப்பினம், பிடிச்சால் ரீமிலை எடுப்பினம். நான் மூண்டு வருசமாப் பொக்சிங் செய்யிறன் அம்மா. சனிக்கிழமையிலை கடையிலை ஷிப்ட் எண்டு சொன்னதெல்லாம் பொய்.

— எல்லாம் பொய்யோ?

— ஓம் அம்மா. லைற் பச்சை. பின்னாலை ஹோர்ன் அடிக்கிறாங்கள்.

— அடிக்கட்டும்.

— கோவமோ?

— முழுக்கச் சொல்லு. ஏன் இத்தாலி? நீ இஞ்சை பழகினனி. இங்கிலாந்துக்காரருக்குக் கண் தெரியாதோ?

— இஞ்சை என்ரை எடையிலை கெட்டிக்காரியள் கியூவிலை நிக்கினம். கோச்தான் என்ரை வீடியோவை அங்கை அனுப்பினவர். நான் பலெர்மோவிலை பிறந்தனான், பாஸ்போட்டும் இத்தாலி. நீங்களும் அப்பாவும் கஷ்டப்பட்டு எடுத்துத் தந்த பாஸ்போட்.

— அதை நாங்கள் லண்டனுக்கு வாறதுக்கு எடுத்தனாங்கள். திரும்பிப் போய் அடி வாங்கிறதுக்கில்லை.

— பொக்சிங்கிலை இத்தாலி எண்டால் சும்மா இடமில்லை அம்மா. மார்சியானோ எண்டு ஒருத்தர், அமெரிக்காவிலை பிறந்தவர், ஆனா தாய் தேப்பன் இத்தாலி. நாப்பத்தொன்பது சண்டை, ஒண்டும் தோக்கேல்லை.

— அவன்ரை பேர் மார்சியானோ இல்லை. மார்க்கெஜானோ. மைக்கிலை அறிவிக்கிறவனுக்கு வாய்க்குள்ளை நுழையேல்லை எண்டு வெட்டினது.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— பலெர்மோவிலை நான் ஆரைப் பாத்துக்கொண்டிருந்தனான்? நீ பிறக்க முன்னம், சிஞ்ஞோர் சால்வோ எண்டு ஒரு கிழவன். மகள்காரி வேலைக்குப் போக நான் பராமரிக்கிறது. ஒரு காலத்திலை அந்தாளும் பொக்சர். வீட்டுச் சுவர் முழுக்கப் படம். நான் சவரம் செய்துவிட, அந்தாள் செபமாலை மாதிரிப் பேர் சொல்லுவார். கார்நேரா, லோய், பென்வெனூத்தி. கார்நேரா சேர்க்கஸிலை நிண்ட ராட்சதனாம், உலகச் சம்பியனா வந்தவனாம். பென்வெனூத்தியின்ரை ஊரை உலக யுத்தத்துக்குப் பிறகு வேற நாடு எடுத்துப்போட்டுதாம், குடும்பம் எல்லாத்தையும் விட்டிட்டு வந்ததாம். "உங்களைப்போலத்தான் இம்மாகுலாத்தா" எண்டு என்ரை பேரைச் சொல்லிச் சொல்லுவார்.

— இவ்வளவு காலமும் இதை எனக்குச் சொல்லேல்லையே.

— சொன்னால் மிச்சத்தையும் சொல்லவேண்டி வரும். கடைசியிலை அந்த மனுசனுக்குத் தன்ரை மகளின்ரை பேர் தெரியேல்லை. கரண்டி பிடிக்கத் தெரியேல்லை. எல்லாம் தலையிலை வாங்கின அடி எண்டு டொக்டர் சொன்னவர். நான்தான் தீத்திறது. சூப் வாயாலை வழியும், துடைச்சு விட்டிட்டுக் குசினிக்குள்ளை போய் அழுவன். எனக்குப் பயம் பிள்ளை. சனம் என்ன சொல்லும் எண்டது எனக்கு ஒரு பொருட்டில்லை. பயம்தான்.

— எனக்கும் பயம் இருக்கு.

— அப்ப ஏனடி?

— இப்ப அந்தக் காலம் மாதிரி இல்லை. எங்களுக்கு மூண்டு ரவுண்ட்தான். தலைக்குக் கவசம் போடுவம். ரிங்குக்குப் பக்கத்திலை டொக்டர் இருப்பார். தலையிலை பெரிசா விழுந்தால் பேந்து கொஞ்சக்காலம் ஏறவே விடமாட்டினம். அதுக்காக ஒண்டும் நடக்காது எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனா அம்மா, நான் பரதத்தைப் பாதியிலை விட்டனான், பியானோவை விட்டனான், யூனிவேர்சிற்றியிலையும் ஏதோ ஒப்பேத்திறன். இது ஒண்டிலைதான் நான் திறம். உண்மையாவே திறம்.

— சரி, அங்கை இப்ப ஆர் இருக்கினம்? சால்வோ சொன்ன ஆக்களெல்லாம் செத்துப்போட்டினம். பழைய பேரிலை சீவிக்கிற வீடோ எண்டுதான் கேக்கிறன்.

— நீங்கள் கேக்கிறது நியாயம்தான். எங்கடை ஜிம்மிலையும் அப்பிடித்தான் நக்கலடிக்கிறாங்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இத்தாலியிலையிருந்து ஒரு ஆம்பிளைப் பொக்சரும் போகேல்லை.

— பாத்தியோ.

— போனது நாலு பொம்பிளையள்.

— நாலும் பொம்பிளையளோ?

— ஓம். அதிலை இர்மா தெஸ்தா எண்டு ஒருத்தி, நாப்போலிப் பக்கத்து ஆள், வசதியில்லாத ஊர், வெண்கலம் எடுத்தவள். ஒலிம்பிக் பொக்சிங்கிலை இத்தாலிப் பொம்பிளை ஒருத்தி எடுத்த முதல் மெடல் அது. இரண்டாயிரத்து ஒண்டு வரைக்கும் அங்கை பொம்பிளையளை ரிங்கிலை ஏறவே விடேல்லை அம்மா. அந்தக் கிழவர் சொன்ன பேர்களை இப்ப தூக்கி வைச்சிருக்கிறது இவையள்தான். நான் போனால் அவையளோடை நிண்டு பழகுவன். எடுபட்டால் ஒரு தமிழ்ப் பெட்டையின்ரை நெஞ்சிலை இத்தாலியா எண்டு எழுதியிருக்கும்.

— முதுகிலை?

— கிறிஸ்துராஜா. முழுப்பேர். வெட்ட விடமாட்டன்.

— இத்தாலிக்காரனுக்கு அது வடிவா வாயிலை வரும். அப்பா கேட்டால் சந்தோசத்திலை தெருவிலை நிண்டு ஆடுவார்.

— அப்ப போகட்டோ? நீங்கள் மறிச்சாலும் நான் போவன், அது வேற. ஆனா உங்களை இப்பிடிப் பயத்தோடை விட்டிட்டுப் போனால் எனக்கு ஒரு குத்தும் ஒழுங்காக் குத்த வராது.

— பயம் எனக்குப் போகாது. அது என்னோடை கிடக்கட்டும். நீ போட்டு வா.

— அம்மா...

— அழாதை. கண்ணாடியெல்லாம் புகார் பிடிக்குது, எனக்கு ரோட்டுத் தெரியேல்லை.

— பின்னேரமே சுவாமியிட்டைப் போய் உண்மையைச் சொல்லுறன். அவ்வளவு சனமும் கை தட்டினது.

— நீ போகவேண்டாம். நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போறன். பொய் சொன்னது நானெல்லோ.

— நீங்கள் எங்கை பொய் சொன்னனீங்கள்? பிழையா விளங்கிக்கொண்டனீங்கள், அவ்வளவுதான்.

— நீ கண் வீங்கி வந்து நிண்ட கிழமை, ஆரோ பொடியன் உனக்கு அடிச்சுப்போட்டான் எண்டு அருமைநாயகியக்கா கதை கட்ட வெளிக்கிட்டா. அடுத்த கிழமை, பாவம் பிள்ளை எண்டு, ஒரு சம்பந்தமும் கொண்டு வந்து நிக்கிறா. நான் விட்டனோ? அவள் மடத்துக்குப் போகப்போறாள், இரவிரவா முழந்தாளிலை நிண்டு செபம் சொல்லி, அப்பிடியே நித்திரையாகிக் கட்டில் சட்டத்திலை முகத்தைக் கொண்டுபோய் அடிச்சுப்போட்டாள் எண்டன். அவ அதைச் சுவாமி வரைக்கும் கொண்டுபோவா எண்டு நான் கண்டனோ?

— நில்லுங்கோ, நில்லுங்கோ. அப்ப நான் மடத்துக்குப் போகேல்லை எண்டு உங்களுக்கு முதலே தெரியும்.

— ஓம். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.

— எவ்வளவு தெரியும் அம்மா?

— மூண்டாம் ரவுண்டிலை களைச்சவுடனை நீ இடது கையைக் கீழை விடுறாய். வால்தம்ஸ்டோவிலை நீ அடிபடேக்கை கடைசி வரிசைக் கதிரையிலை ஏறி நிண்டு, கையைத் தூக்கடி, கையைத் தூக்கடி எண்டு கத்தினனான், உனக்குக் கேக்கேல்லை.