அப்பா தலையை ஆட்டும்வரை

எனக்கு நன்றாகத் தலை பின்ன வரும். இரட்டைச் சடை, நாலுகால் பின்னல், எல்லாமே. பாப்பாவுக்கு மூன்று வயதாகும்போது அவள் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அந்தத் தலை என் பொறுப்பு. பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்கள், யார் பின்னிவிட்டது என்று அவளைக் கேட்பார்களாம். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். நான் எப்படிப்பட்ட அப்பா என்று தெரியாமல் மற்றதைக் கேட்டால் தப்பாகத் தோன்றும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். பாப்பா எங்கள் மையத்தில் பாராசூட் மடிக்கும் கூடத்திலேயே வளர்ந்தாள். நீள மேசைக்கு அடியில் பழைய பாராசூட் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்குவாள். குதிக்கிற வயது வந்ததும் குதித்தாள். என்னைவிட நன்றாகக் குதிக்கிறாள் என்று எங்கள் பைலட் எல்லோர் முன்னாலும் சொல்வான். அவனுக்கு வாயில் பூட்டுக் கிடையாது. நானும் சிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அப்பா, மலைப்பக்கம் ஒரு மையத்துல எனக்கு வேலை கெடச்சிருக்கு. வெளிநாடு. அடுத்த மாசம் போறேன்."

"எப்ப திரும்பி வருவ?"

"தெரியலப்பா. நீ தனியா இருந்து பழகணும். நானும் பழகணும்."

அன்பாகத்தான் சொன்னாள். என் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். நான் சண்டை போடவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று இரண்டு நாள் படுத்துப் பார்த்தேன். டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தாள். இருபது வயதுப் பையனின் இதயம் உங்களுக்கு என்று அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவள் அன்று மாலையே பெட்டி வாங்கக் கடைக்குக் கிளம்பினாள். ஒரு பெரிய பெண்ணை வீட்டில் நிறுத்திவைக்க அப்பனிடம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

முதுகில் ஏற வேண்டும் என்று கேட்டதும் அவள்தான். போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை என்றாள். நானாகக் கூப்பிடவில்லை.

அது எப்படியென்று சொல்கிறேன். விங்சூட் என்பது சிறகு வைத்த உடுப்பு. கைக்கும் விலாவுக்கும் நடுவில், இரண்டு கால்களுக்கும் நடுவில் துணி இருக்கும். குதித்ததும் அதில் காற்று நிரம்பி நம்மை முன்னால் கொண்டுபோகும். அதைப் போட்டிருப்பவன் முதுகில் இன்னொருவர் ஏறி, தோள்பட்டை வாரைப் பிடித்துக்கொண்டு வரலாம். இருவருக்கும் தனித்தனிப் பாராசூட். பேசிவைத்த உயரம் வந்ததும் மேலே இருப்பவர் கையை விட்டு விலகி, தன்னுடையதை விரிக்க வேண்டும். அவர் முதுகை விட்டு இறங்கும்வரை கீழே இருப்பவன் தன்னுடையதை விரிக்க முடியாது. திசை திருப்புவது மட்டும் அவன் கையில்.

உயரம் பார்க்க அவள் மணிக்கட்டில் ஒரு கருவி உண்டு. அதைப் பார்க்காதே என்றேன். நீ அசைந்தால் இருவரும் கவிழ்ந்துவிடுவோம், என் தலையை மட்டும் பார், நான் ஆட்டும்போது விடு என்றேன்.

"சரிப்பா. நீ தலைய ஆட்டற வரைக்கும் விடமாட்டேன்."

குதித்தோம். காற்றின் இரைச்சலில் பேச்சு எதுவும் கேட்காது. ஆனால் அவள் சிரித்தாள் மேடம். அது என் முதுகில் அதிர்ந்தது. சின்ன வயதில் உப்புமூட்டை தூக்கும்போது சிரிப்பாளே, அதே சிரிப்பு. கீழே வயல், சாலை, கிடங்குகளின் தகரக் கூரைகள். எங்கள் மைதானம் இடது பக்கம் பச்சையாகத் தெரிந்தது.

தலையை ஆட்ட வேண்டிய உயரம் வந்தது. நான் ஆட்டவில்லை.

கழுத்து மரத்துப்போனது என்று முதல் விசாரணையில் சொல்லியிருந்தேன். அது உண்மை இல்லை. கழுத்து நன்றாகத்தான் இருந்தது. அவள் பயப்பட வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். தரை முகத்துக்கு நேரே நெருங்கி வரும். ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டால் சிலர் விமானத்தின் பக்கமே வரமாட்டார்கள். பல பேரைப் பார்த்திருக்கிறேன். அவளும் அப்படி ஆகிவிட்டால் போதும் என்றிருந்தது.

அவள் பயப்படவில்லை. நான் இருக்கிறேன் என்ற தைரியம். வாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதனால் நான் இன்னும் கொஞ்சம் பொறுத்தேன்.

கடைசியில் ஆட்டினேன். உடனே விட்டாள். அவள் பாராசூட் ஒழுங்காகத்தான் விரிந்தது. நான் மடித்தது, விரியாமல் இருக்குமா. ஆனால் மைதானத்துக்குத் திரும்ப உயரம் இல்லை. கிடங்கின் மதில்மேல் இடுப்பு அடிபட விழுந்தாள். நான் பக்கத்துக் காலி இடத்தில் நின்றபடி இறங்கினேன்.

இனி நடக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கண் விழித்ததும் அவள் என் கையைத் தேடினாள்.

"அப்பா, நீ தலைய ஆட்டினத நான் கவனிக்கல போல. உன்னையும் சேத்துக் கொன்னுருப்பேன். மன்னிச்சிருப்பா."

"பரவால்லம்மா" என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது.

அதன்பிறகு நாங்கள் நன்றாகவே இருந்தோம். மையத்தில் நீண்ட விடுப்புப் போட்டேன். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, சன்னலோரம் தூக்கி உட்கார வைப்பது, எதிலும் குறை வைக்கவில்லை. பைலட் வாரம் ஒருமுறை பழங்களோடு வந்து பார்ப்பான். சக்கர நாற்காலி வந்த பிறகுதான் கொஞ்சம் சிரமமாயிற்று. அவள் கை பலமானது. தானாகக் கட்டிலிலிருந்து இறங்கப் பழகிக்கொண்டாள். பைலட்டோடு கடைத்தெரு வரை போய் வந்தாள். மலைப்பக்க மையத்திலிருந்து போன் வந்தது. உட்கார்ந்தபடியே வகுப்பு எடுக்கலாம், வா என்றார்களாம். மறுபடியும் அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.

ஒரு காலையில் நாற்காலியின் சக்கரம் கழன்று கிடந்தது. அச்சாணி காணவில்லை. கடையில் சொல்லியிருக்கிறேன், வந்துவிடும் என்றேன். ஒரு மாதம் போல ஆயிற்று. என் சட்டைகளுக்கு அடியில்தான் இருந்தது. நான் குளிக்கப் போயிருந்தபோது தரையில் கையை ஊன்றி இழுத்துக்கொண்டே என் அலமாரிவரை போயிருக்கிறாள். வெளியே வந்து பார்த்தால் அச்சாணியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அதை என் பக்கம் நீட்டினாள். பிறகு கேட்டாள்.

"ஹெல்மெட்ல உயரம் வந்தா பீப் அடிக்குமே. அன்னிக்கு அடிக்கவே இல்ல. அதுக்கும் நீங்கதான் பேட்டரி மாத்துனீங்க, இல்ல?"

அதுவரை என்னை 'நீ' என்றே கூப்பிட்டவள். பொய் சொல்ல மனம் வரவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

தீர்ந்துபோன பேட்டரியைத்தான் போட்டேன் மேடம். குதித்த அன்று காலையிலேயே, அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. மைதானத்தின் பக்கம் திரும்பாமல் கிடங்குகளின் மேலேயே போனதும் நான்தான். கீழே மதில் இருப்பது எனக்குத் தெரியும். இப்போது எல்லாம் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்ததும் அவள்தான் என்று தெரியும். எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை. அவள் கிளம்பின அன்று பைலட் வந்து சக்கரத்தை மாட்டிக் கொடுத்தான். அவன் வண்டியில் ஏறக் கை கொடுத்தேன். வேண்டாம் என்று தானே ஏறிக்கொண்டாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பார்த்தால் அழுதுவிடுவாள், அதனால்தான். அவள் சுபாவம் எனக்குத் தெரியாதா. என்னை எத்தனை நாள் உள்ளே வைப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அவள் திரும்பி வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது.